ஓய்வுக்காலப் பொருளும் ஆலோசகர் கட்டணமும்



விழா நாளில் பொருளைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்னும் ஐயம் சிலர்க்கு எழக்கூடும். ஆயினும், ஓய்வு பெற்றவரோ ஓய்வை எதிர்நோக்கி இருப்பவரோ இல்லாத குடும்பம் இவ்வவையில் அரிதாகவே இருக்கும். ஊரில் நிலத்தை நம்பி வாழ்ந்த முன்னோர்க்கு முதுமைக்கெனத் தனியே பொருள் சேர்க்கும் தேவை பெரிதாக எழவில்லை. நிலம் விளைந்தது; பிள்ளைகள் ஒரே கூரையின்கீழ் இருந்தனர். இன்று பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழ்கின்றனர். நிலம் குத்தகையில் இருக்கிறது, அல்லது விற்கப்பட்டுவிட்டது. முதியோர் இருவரும் தம் சேமிப்பைக் கொண்டே இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் வாழ வேண்டிய காலம் இது. அச்சேமிப்பை ஆலோசகர் ஒருவர்க்குக் கட்டணம் கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்வதா, தாமே பார்த்துக்கொள்வதா என்னும் வினா ஆகவே ஒவ்வொரு வீட்டின் திண்ணைக்கும் வந்துவிட்டது.

எடுத்துக்காட்டாக, தொழிற்சாலை ஒன்றின் கணக்குப் பிரிவில் பணியாற்றி 60 வயதில் ஓய்வு பெறும் ஒருவரைக் கருதலாம். அவர் மனைவிக்கு வயது 55. வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் சேர்ந்து 50 இலட்சம் ரூபாய் கைக்கு வருகிறது. தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் கணக்கில் கொள்ளப்படும் ஊதிய வரம்பு 15,000 ரூபாய். அவ்வரம்பின்படி 35 ஆண்டுப் பணிக்கும் மாத ஓய்வூதியம் 7,500 ரூபாயே வரும். எனவே அந்த இல்லத்தின் அரிசி, மருந்து, மின்கட்டணம், பேரப்பிள்ளைகட்குக் கொடுக்கும் சிறு அன்பளிப்பு ஆகிய அனைத்தும் அந்த 50 இலட்சத்திலிருந்தே வரவேண்டும்.

மாலையும் பொன்னாடையும் பெற்று வீடு திரும்பிய சில நாள்களில் அவர் செவியில் இரு குரல்கள் விழுகின்றன. வங்கியிலிருந்து பேசும் இளைஞர், “ஐயா, இவ்வளவு தொகையைச் சேமிப்புக் கணக்கில் வைத்திருப்பது வீண். எங்கள் ஆலோசகர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார். உங்களுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை” என்கிறார். வெளியூரில் இருக்கும் மகனோ, “அப்பா, யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டாம். கைப்பேசியிலேயே நாமே எல்லாம் செய்துகொள்ளலாம்” என்கிறார். இருவர் கூற்றையும் தனித்தனியே எடை போட்டுப் பார்க்க வேண்டும்.

முதலில், “ஒரு ரூபாய்கூடச் செலவில்லை” என்பது. பிறர் பொருளைப் பார்த்துக்கொள்பவர் ஊதியம் பெறுவது முறையே. அவ்வூதியம் எவ்வழியாக வருகிறது என்பதே வினா. அதற்கு மூன்று வழிகள் உள்ளன. ஒன்று, திட்டத்தை விற்கும் நிறுவனம் விற்றவர்க்குத் தரும் கமிஷன். இரண்டு, வாடிக்கையாளரின் மொத்தச் சொத்தில் ஆண்டுதோறும் இத்தனை விழுக்காடு என்று பெறுவது. மூன்று, செய்யும் பணிக்கு இத்தனை ரூபாய் என்று நிலையாகப் பெறுவது.

முதல் வழியில் பணம் வாடிக்கையாளரின் சட்டைப்பையிலிருந்து போவதில்லை. அவர் முதலீட்டுக்குள்ளிருந்து போகிறது. மியூச்சுவல் ஃபண்டு எனப்படும் பரஸ்பர நிதிகளில் 2009ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்துக்கு முன்பு, போடும் தொகையில் 2.25 விழுக்காடு வரை நுழைவுக் கட்டணமாகத் தொடக்கத்திலேயே பிடித்துக்கொள்ளப்பட்டது. பங்குச் சந்தை ஒழுங்காற்று வாரியமான செபி அதனை நீக்கியது. பின்னர் 2013 சனவரி முதல் ஒவ்வொரு திட்டத்துக்கும் இரு வடிவங்கள் இருக்கவேண்டும் என்று ஆணையிட்டது. விற்பனையாளர் வழியாக வாங்குவது ‘ரெகுலர்’. நேரே வாங்குவது ‘டைரக்ட்’. இரண்டிலும் பங்குகள் அவையே, நிர்வாகியும் அவரே. விற்பனையாளர்க்குச் செல்லும் கமிஷன் மட்டும் டைரக்ட் வடிவத்தில் இல்லை. பங்கு சார்ந்த திட்டங்களில் இவ்விரண்டுக்கும் இடையிலான செலவு வேறுபாடு பெரும்பாலும் ஆண்டுக்கு அரை முதல் ஒரு விழுக்காடு வரை இருக்கும். அது தனிச் சீட்டாக வருவதில்லை. நாள்தோறும் சிறிது சிறிதாகக் கழிந்துவிடுகிறது. ஆகவே கொடுப்பவர்க்குக் கொடுத்த உணர்வே தோன்றுவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையில் விற்பனையாளர்க்குச் சென்ற தொகை ரூபாயில் அச்சிடப்பட்டிருக்கும். அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்போர் சிலரே.

ஒரு விழுக்காடு என்பது நூற்றுக்கு ஒரு ரூபாய்தானே என்று தோன்றலாம். காலம் அதனைப் பெருக்கிவிடுகிறது. நாற்பது வயதில் ஒருவர் 10 இலட்சம் ரூபாயை ஓய்வுக்கென ஒதுக்குகிறார் எனக் கொள்க. ஆண்டுக்கு 10 விழுக்காடு வளர்ந்தால் 20 ஆண்டில் அது ஏறத்தாழ 67 இலட்சம் ஆகும். கட்டணமாக ஒரு விழுக்காடு போய் 9 விழுக்காடே வளர்ந்தால் 56 இலட்சம் ஆகும். வேறுபாடு 11 இலட்சம். அவர் தொடக்கத்தில் போட்ட முதலைவிட அது மிகுதி.

ஓய்வுக்குப் பிறகு இக்கணக்கு இன்னும் கூர்மையாகிறது. மேற்சொன்னவர் தம் 50 இலட்சத்திலிருந்து ஆண்டுதோறும் 4 இலட்சம் எடுத்துச் செலவிடுகிறார் என்போம். விலைவாசி உயர்வை விடுத்த எளிய கணக்கு இது. முதலீடு ஆண்டுக்கு 8 விழுக்காடு ஈட்டினால் வரவும் செலவும் சமம். 50 இலட்சமும் குறையாமல் நிற்கும். கட்டணமாக ஒரு விழுக்காடு போனால், முதலாண்டில் 50,000 ரூபாய் முதலிலிருந்து கரையும். அக்கரைவு ஆண்டுதோறும் பெருகி, 31ஆம் ஆண்டில் முதல் முற்றும் தீரும். இரண்டு விழுக்காடு போனால் 24ஆம் ஆண்டிலேயே தீர்ந்துவிடும். அப்போது கணவர்க்கு வயது 84 ஆகியிருக்கும், மனைவிக்கோ 79தான். அதற்குப் பின்னும் பத்தாண்டு வாழக்கூடியவர் அந்த அம்மையார். இன்று நூற்றுக்கு இரண்டு ரூபாயாகத் தோன்றும் செலவை உண்மையில் தாங்கப்போகிறவர் அவரே.

இனி மகனின் கூற்று. தாமே செய்துகொள்ளலாம் என்பதில் பெரும்பகுதி உண்மை. ஓய்வு பெற்றவர்க்கு வேண்டிய அடிப்படை ஏற்பாடுகள் இன்று கடினமானவை அல்ல. அஞ்சலகத்திலும் வங்கிகளிலும் உள்ள மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 60 வயது நிறைந்த ஒருவர் 30 இலட்சம் வரை போடலாம். 2023 ஏப்ரலில் இவ்வரம்பு 15 இலட்சத்திலிருந்து உயர்த்தப்பட்டது. அப்போது அறிவிக்கப்பட்ட 8.2 விழுக்காட்டின்படி, 30 இலட்சத்துக்குக் காலாண்டுக்கு 61,500 ரூபாய் வட்டி வரும். கணக்குத் தொடங்கும் நாளில் உள்ள வட்டி ஐந்தாண்டுக்கும் மாறாது. இதற்கு வேண்டுவது ஒரு படிவம், ஒரு காசோலை, சில சான்றுகள், அவ்வளவே.

இத்துணை எளிய திட்டத்தை எடுத்துச் சொல்ல எவரும் வாயிலுக்கு வருவதில்லை. காரணம் வெளிப்படையானது. இத்திட்டத்துக்கு முகவர்க்குத் தரப்பட்டுவந்த கமிஷன் 2011 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. அதனை விற்பவர்க்கு ஏதும் கிடைப்பதில்லை. அதே வேளையில், முதலாண்டுத் தவணையில் குறிப்பிடத்தக்க பகுதியை முகவர்க்குத் தரும் காப்பீட்டுத் திட்டங்கள் ஓய்வு பெற்றவரின் இல்லம் தேடி வருகின்றன. அறுபது வயதினர்க்குப் பத்தாண்டுத் தவணை கட்டும் காப்பீடு எதற்கு என்று கேட்பார் இல்லை.

தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்போர்க்கும் இவ்வாறே. அதன் நிதி நிர்வாகச் செலவு நூறு ரூபாய்க்குச் சில காசுகளே. எதில் எவ்வளவு என்று தாமே முடிவு செய்ய இயலாதோர்க்கு, வயது ஏற ஏறப் பங்குகளின் அளவைத் தானே குறைத்துக்கொள்ளும் தெரிவு ஒன்று அதிலேயே உண்டு. இளமையில் மிகுதியும் முதுமையில் குறைவுமாகப் பங்குகளை வைத்திருக்கவேண்டும் என்பதைச் சொல்ல மட்டும் ஆண்டுதோறும் ஒருவர்க்குக் கட்டணம் தரத் தேவையில்லை.

அவ்வாறாயின் ஆலோசகர் வேண்டியதே இல்லையா? இங்கே தான் மகனின் கூற்றில் விடுபட்டதைக் காணவேண்டும். தாமே பொருளைக் கையாள்வோர் இடறுமிடம் திட்டத்தைத் தேர்ந்தெடுப்பதில் அன்று. தம் மனத்தை ஆள்வதில். அவ்விடறல்கள் மூன்று.

முதலாவது, மிகுந்த வட்டியின் மேல் கொள்ளும் ஆசை. அஞ்சலகம் தருவதைப்போல் இரு மடங்கு, மும்மடங்கு வட்டி என்று சொல்லி வைப்புத்தொகை திரட்டிய நிறுவனங்களால் தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் நலிந்தன. வைப்பீட்டாளர் நலனைக் காக்கவென்றே 1997ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. அதன் பின்னும் அத்தகைய இழப்புகள் நின்றபாடில்லை. பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவருள் பலர் கணக்கறியாதவர் அல்லர். ஆசிரியராகவும் அலுவலராகவும் இருந்தவரே. உறவினர் போட்டார், மாதந்தோறும் தவறாமல் வட்டி வந்தது, ஆகவே தாமும் போட்டார் என்பதே அவர்கள் கதை. கட்டணத்தில் ஒரு விழுக்காட்டைச் சேமித்து முதல் முழுவதையும் இழப்பது சேமிப்பு ஆகாது.

இரண்டாவது, அச்சம். 2020 சனவரியில் 41,000 புள்ளிகளுக்கு மேல் நின்ற சென்செக்ஸ், பெருந்தொற்றின் தொடக்கத்தில் சரிந்து மார்ச் 23ஆம் நாள் 26,000க்குக் கீழே முடிவுற்றது. பங்கு சார்ந்த நிதியில் 20 இலட்சம் வைத்திருந்தவர் இரு மாதத்தில் ஏறத்தாழ 13 இலட்சத்தைக் கண்டிருப்பார். அன்று விற்று வெளியேறியவர்க்கு அவ்விழப்பு நிலையாயிற்று. பொறுத்திருந்தவர் அவ்வாண்டு முடிவதற்குள் அதே குறியீடு 47,000ஐத் தாண்டியதைக் கண்டார். மார்ச் மாதத்து அந்த ஒரு வாரத்தில், “இன்று விற்க வேண்டாம், ஐந்தாண்டுச் செலவுக்கு வேண்டியது அஞ்சலகத்தில் இருக்கிறது” என்று நிதானமாகச் சொல்ல ஒருவர் இருந்திருப்பின், பல ஆண்டுக் கட்டணத்துக்கு அச்சொல் ஒன்றே ஈடாகியிருக்கும். அச்சத்துக்கு மறுபுறமும் உண்டு. வீழ்ச்சிக்கு அஞ்சி அனைத்தையும் வைப்புநிதியிலேயே வைத்திருப்போரை விலைவாசி வீழ்த்துகிறது. ஆண்டுக்கு 6 விழுக்காடு விலை உயர்ந்தால், இன்றைய 30,000 ரூபாய்ச் செலவு 12 ஆண்டில் 60,000 ஆகிவிடும்.

மூன்றாவது, பொருளைக் கையாண்டவர் மறைவது. பெரும்பாலான இல்லங்களில் கணக்கு வழக்கு கணவர் ஒருவரின் நினைவிலேயே இருக்கிறது. எந்த வங்கி, எந்த அஞ்சலகம், எந்தக் கடவுச்சொல் என்பது மனைவிக்குத் தெரியாது. ஒரு ரூபாய்கூடக் கட்டணம் கொடாமல் இருபதாண்டு திறம்பட நிர்வகித்த ஒருவர் மறைந்த மறுமாதம், அவர் மனைவி வங்கியின் நாற்காலியில் அமர்ந்து, எதிரில் இருப்பவர் காட்டும் இடங்களிலெல்லாம் கையொப்பமிடுகிறார். கணவர் விலக்கி வைத்த திட்டங்கள் அனைத்தும் அன்று ஒரே நாளில் உள்ளே நுழைகின்றன.

இம்மூன்றையும் நோக்கினால், ஆலோசகரிடம் விலை கொடுத்து வாங்கத்தக்கது எது என்பது தெளிவாகும். ஃபண்டின் பெயரைச் சொல்வது பெரிய பணி அன்று. ஓய்வு பெறும்போது பொருளைப் பகுத்துத் தருவது, சந்தை வீழும்போது கையைப் பிடித்து நிறுத்துவது, ஒருவர் மறைந்தபின் எஞ்சியவர்க்கு வழி காட்டுவது ஆகிய மூன்றுமே வாங்கத்தக்கவை. இவை வாழ்நாளில் சிலமுறையே நேர்கின்றன. சிலமுறையே வேண்டப்படும் பணிக்கு ஆண்டுதோறும் சொத்தில் விழுக்காடு கொடுப்பது பொருந்தாது. அப்பணி வேண்டும்போது ரூபாயில் பேசிக் கொடுப்பதே பொருந்தும். நிலத் தகராறு வந்தால் வழக்கறிஞர்க்குக் கட்டணம் தருகிறோம்; விளைச்சலில் ஆண்டுதோறும் பங்கு தருவதில்லை.

இதற்குச் சட்டம் இடம் தந்திருக்கிறது. முதலீட்டு ஆலோசகர்க்கான செபியின் விதிமுறைகள் 2013இல் வந்தன. அவற்றின்கீழ்ப் பதிவு பெற்றவர், தாம் ஆலோசனை கூறும் வாடிக்கையாளர்க்குத் திட்டங்களை விற்றுக் கமிஷன் பெறுதல் கூடாது. அவர்க்குரிய கட்டணத்தை வாடிக்கையாளரே தரவேண்டும். 2025 சனவரியில் வெளியான வழிகாட்டுதலின்படி, நிலைக் கட்டணமாயின் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,51,000 ரூபாய், விழுக்காடாயின் ஆலோசனைக்குட்பட்ட சொத்தில் 2.5 விழுக்காடு என்பவை உச்ச வரம்புகள். உச்ச வரம்பே வழக்கமான கட்டணம் என்று கருதிவிடலாகாது. 50 இலட்சம் வைத்திருப்பவர்க்கு 2.5 விழுக்காடு என்பது ஆண்டுக்கு 1,25,000 ரூபாய். மேற்கண்ட கணக்கின்படி அது அவரது முதலை எத்துணை விரைவில் கரைக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

நிலைக் கட்டணத்தையும் அவரவர் பொருளின் அளவோடு வைத்தே எடை போடவேண்டும். ஆண்டுக்கு 20,000 ரூபாய்க் கட்டணம் என்பது 50 இலட்சத்தில் 0.4 விழுக்காடு, 10 இலட்சத்தில் அதுவே 2 விழுக்காடு. எனவே பத்து, பதினைந்து இலட்சமே உள்ள குடும்பத்துக்கு ஆண்டுதோறும் ஆலோசகர் வேண்டியதில்லை. மூத்த குடிமக்கள் திட்டமும் வங்கி வைப்பும் அவர்க்குப் போதும். வங்கி வைப்புக்கான காப்பீடு ஒரு வங்கியில் ஒருவர்க்கு 5 இலட்சம் வரையே என்பதை மட்டும் நினைவிற் கொண்டால் நன்று. நடுத்தர அளவில் பொருள் உள்ளோர், ஓய்வு பெறும் ஆண்டில் ஒருமுறை கட்டணம் தந்து திட்டம் வகுத்துக்கொண்டு, பின்னர் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறுபார்வை செய்துகொள்ளலாம். பல வீடுகள், பங்குகள், வெளிநாட்டு வருவாய், உடல்நலம் குன்றிய பிள்ளை என்று சிக்கல் மிகுந்த குடும்பங்கட்கே தொடர்ந்த ஆலோசனை கட்டணத்துக்குத் தகும்.

ஆலோசகரை நாடுவோர் முதற்சந்திப்பிலேயே சில வினாக்களைக் கேட்கத் தயங்கலாகாது. பதிவு எண் யாது என்பது முதல் வினா. ஐ.என்.ஏ. என்னும் எழுத்துகளில் தொடங்குவது பதிவு பெற்ற ஆலோசகரின் எண், ஏ.ஆர்.என். என்று தொடங்குவது பரஸ்பர நிதி விற்பனையாளரின் எண். விற்பனையாளராய் இருப்பது குற்றமன்று. அவருள்ளும் நேர்மையாளர் பலர் உண்டு. ஆயினும் எதிரில் அமர்ந்திருப்பவர் எவர் என்பது தெரிந்திருக்க வேண்டும். ஆண்டுக்கு மொத்தம் எத்தனை ரூபாய் ஆகும் என்பது இரண்டாம் வினா. விடையை விழுக்காட்டில் ஏற்காமல் ரூபாயில் எழுதி வாங்குக. இத்திட்டத்தை வாங்கினால் வேறெவரேனும் உங்களுக்குப் பணம் தருவரா என்பது மூன்றாம் வினா. குடும்பம் ஏற்காத தொழில்களில் பணம் செல்லுமா என்பதையும் கேட்கலாம். கேள்வியால் முகம் சுளிப்பவரிடம் பொருளை ஒப்படைக்க வேண்டிய கட்டாயம் எவர்க்கும் இல்லை. எவராயினும், பணத்தைத் தம் சொந்தக் கணக்கில் செலுத்தச் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுவது நலம்.

தாமே நிர்வகிப்போர்க்கும், கட்டணம் கொடுப்போர்க்கும் பொதுவான கடமை ஒன்று உண்டு. நம் முன்னோர் இல்லங்களில் வரவு செலவுப் புத்தகம் இருந்தது. எவர்க்கு எவ்வளவு கொடுத்தோம், எவரிடம் எவ்வளவு பெற்றோம் என்பது அதில் நாள்தோறும் ஏறியது. அத்தகைய புத்தகம் ஒன்றை மீண்டும் தொடங்குக. எங்கே எவ்வளவு உள்ளது, எப்போது முதிர்கிறது, எவர் பெயர் நியமிக்கப்பட்டுள்ளது, ஆண்டுக் கட்டணமாக எத்தனை ரூபாய் போகிறது என்பவற்றை ஒரு பக்கத்தில் எழுதுக. கணக்குகளை இயன்றவரை இருவர் பெயரிலும், இருவரில் எவரேனும் அல்லது எஞ்சியிருப்பவர் இயக்கும் வகையில் வைத்துக்கொள்க. ஆலோசகரைக் காணச் செல்லும்போது மனைவியையும் உடன் அழைத்துச் செல்க. வினாக்களை அவரே கேட்கட்டும்.

இவ்விழா முடிந்து இல்லம் திரும்புவோர், இன்று மாலையே அந்தப் பக்கத்தின் முதல் வரியை எழுதலாம். எழுதுபவர் எவராயினும், எழுதியதை இல்லத்தில் உள்ள மற்றவர்க்கு ஒருமுறை படித்துக் காட்டுக.